சம்பந்தி கட்டிய கோழிக்கூடு

செய்தி வந்தபோது நான் வீட்டின் பின்பக்கத்தில் கோழிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் ரோஸ்லின் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். “அத்தை, அப்பா போயிட்டாரு” என்றாள். நான் “சரிம்மா, வர்றேன்” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தேன். அந்த நேரத்தில் ஏன் அதைச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தினமும் காலையில் அவர்தான் அவற்றுக்குத் தண்ணீர் வைப்பார்.

சவரிமுத்து எனக்குச் சம்பந்தி. என் மகன் குமரனுக்கு அவர் பெண் ரோஸ்லினைக் கொடுத்தவர். ஒரு சம்பந்தி இறந்தால் இன்னொரு சம்பந்தி எப்படித் துக்கப்படுவது என்பதற்கு நம்மிடம் முறை ஒன்றும் கிடையாது. மாலை போட்டுக் கைகூப்பிவிட்டு ஓரமாக நாற்காலியில் உட்காரலாம், அவ்வளவுதான். அடக்கத்தன்று நான் அழுததைப் பார்த்து எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். அழுகை வந்தது, அழுதேன்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்காக அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி ரோஸ்லின் கேட்டாள். தங்கவயல் மைன்ஸ்காரர்களின் லைன் வீடுகளில் அவரோடு வளர்ந்தவர்கள், அண்டர்கிரவுண்டில் அவரோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள், மைன்ஸ் மூடிய பிறகு விடிகாலை டிரெயினில் அவரோடு பெங்களூருக்கு வந்து செக்யூரிட்டி டூட்டி பார்த்தவர்கள் என்று உங்களுக்கெல்லாம் அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த சவரிமுத்து வேறு ஆள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அடுத்தவர்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சாமான்களை வைத்து, இதற்குமுன் எதுவும் கட்டியறியாத என்னையும் கூட வைத்துக்கொண்டு, ஒரு கோழிக்கூடு கட்டியவர். நான் அதைத்தான் சொல்ல முடியும்.

குமரனும் ரோஸ்லினும் தாங்களாகவே பார்த்து முடிவு செய்துகொண்டவர்கள். எங்கே பார்த்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்பதெல்லாம் அவர்கள் பாடு. கல்யாணத்துக்குப் பிறகு சவரிமுத்து மாதத்துக்கு ஒருமுறையாவது எங்கள் வீட்டுக்கு வருவார். வீடு கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். டூட்டி முடிந்து ஊர் திரும்பும் வழியில் இறங்கி நடந்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடியே பையை நீட்டுவார். பையில் முருங்கைக்காய் இருக்கும், சீதாப்பழம் இருக்கும், அவர் மனைவி லூர்தம்மா சுட்ட அதிரசம் இருக்கும். உள்ளே வாருங்கள், ஒரு வாய் காபி குடியுங்கள் என்றால், “டிரெயினுக்கு நேரமாச்சு சம்பந்தியம்மா” என்பார். அடுத்த டிரெயினுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவருடைய பிடிவாதம். இது அவர்கள் கோயிலில் போதித்ததும் இல்லை, எங்கள் கோயிலில் சொன்னதும் இல்லை. எந்தச் சாமி சொன்னது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் ஒரே குரலில் பேசுவார்கள். மகன் வீட்டில் நான் சட்டமாக உட்கார்ந்து டிவி பார்க்கலாம். மருமகள் போட்ட காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லலாம். அதே வீட்டில், அதே மருமகளைப் பெற்றவர் தண்ணீர் குடிக்கத் தயங்குவார். எனக்கு இது என்றைக்கும் விளங்கியதில்லை. ஆனாலும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

லூர்தம்மா போன பிறகு அவர் லைன் வீட்டில் தனியாக இருந்தார். மைன்ஸ் தூசி அவர் நெஞ்சில் பல வருஷமாகவே குடியிருந்தது. ஒருநாள் மூச்சு முட்டி வாசலில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரோஸ்லின் கார் வைத்துக்கொண்டு போய் அவரைக் கையோடு கூட்டி வந்தாள். அப்போதும் அவர் சும்மா வரவில்லை. மடியில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் லூர்தம்மா வளர்த்த நாட்டுக்கோழிகள்.

அன்று சாயங்காலமே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். “நான் தங்குறதுக்கு வரல. இதுங்கள அங்க யாரும் பாத்துக்க மாட்டாங்க. அவ வளத்தது, அறுத்துத் தின்னவும் மனசு வரல. இங்க ஒரு கூடு கட்டி, இதுங்கள ரோஸ்லின் கையில ஒப்படைச்சிட்டு நான் கெளம்பிடுவேன்.” ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். அவள் அப்போதுதான் டாக்டரோடு பேசிவிட்டு வந்திருந்தாள். இனி அவர் தனியாக இருந்தால் அடுத்த முறை தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். “அதெல்லாம் ஆண்டவர் பாத்துப்பாரு” என்று முடித்துவிட்டார்.

ஆக, கூடு முடிகிற நாள் அவர் கிளம்புகிற நாள். இது எல்லாருக்கும் தெரிந்துதான் வேலை தொடங்கியது.

சாப்பாட்டுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் நடந்துவிட்டு வரும்போது கையில் எதையாவது கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டுத்தான் தட்டு முன்னால் உட்காருவார். “வெறுங்கையோட மக வீட்டுப் படி ஏறக் கூடாது சம்பந்தியம்மா” என்பார். முதலில் ஒரு கட்டுக் கீரை, ஒரு தேங்காய் என்று வந்தது. கூடு கட்டுவதென்று ஆனபிறகு கீரை நின்று பலகை வர ஆரம்பித்தது. எங்கள் ஏரியாவில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டாத தெருவே இல்லை. அவர் தினமும் ஒரு தெருவாகப் பார்த்து நடப்பார். ஜன்னல் கம்பி, மங்களூர் ஓடு, உடைந்த செங்கல், ஏதோ ஒரு கம்பெனி வாசலில் கிடந்த பேக்கிங் கட்டைகள் எல்லாம் பின்பக்கம் வந்து சேர்ந்தன. யாரோ ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன ஃப்ளெக்ஸ் பேனரும் வந்தது. மழைக்கு மறைப்பாகக் கட்ட அது ஆகும் என்றார். பாதி மீசையும் ஒரு கும்பிட்ட கையும் இன்றைக்கும் கூட்டின் பக்கவாட்டில் தெரிகின்றன.

ஒருநாள் கதவு ஒன்றைத் தனியாகத் தூக்கி வர முடியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி கன்னடக்காரர். இவர் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். “அண்ணா, ஈ பாக்லு நமகெ கொட்பிடி, கோளி கூடு கட்டோக்கெ” என்றார். இந்தக் கதவை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், கோழிக்கூடு கட்ட வேண்டும் என்று அவ்வளவு பணிவாகக் கேட்டார். மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவை விலைக்கு எடுக்க ஆள் வரும் என்று முதலில் சொன்னவர், என் நரைத்த தலையைப் பார்த்தாரோ என்னவோ, “தகொண்டு ஹோகி, அஜ்ஜி” என்றார். எடுத்துக்கொண்டு போங்கள் பாட்டி என்கிறார். சவரிமுத்து வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். “அஜ்ஜின்னு சொன்னதாலதான் கெடச்சுது. என்னைய தாத்தான்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டான்” என்றார். நான் கதவின் என் பக்கத்து முனையைக் கீழே வைத்துவிட்டேன். இன்னொரு முறை சிரித்தால் மிச்ச தூரத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் அகலம் குறைந்த இடம். பின்னால் காம்பவுண்டுச் சுவர், ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த மூலையில்தான் கூடு. மைன்ஸில் அவர் பார்த்தது டிம்பர் வேலை. தோண்டிக்கொண்டு போகும் சுரங்கம் தலைமேல் விழாமல் கட்டை கொடுத்து நிறுத்துகிற வேலை. அதனால் அவர் கட்டிய முறையே தனி. நட்டு நிறுத்திய இரண்டு கட்டைகளின் மேல் குறுக்கே ஒரு கட்டை வைத்து ஆப்பு அடித்து இறுக்கினார். அப்படியே வரிசையாக நிறுத்தி, முதலில் கூரையை முடித்து ஓடு போட்டுவிட்டார். “தலைக்கு மேல பத்திரம் ஆகட்டும், அப்புறம்தான் மத்தது” என்றார். கோழிக்கு அவ்வளவு பலமான கூரை உலகத்தில் எங்கும் இருக்காது. மேலே லாரி ஏறினாலும் தாங்கும்.

பிறகு பலகை அடிக்கத் தொடங்கினார். பக்கவாட்டை முடித்து முன்பக்கத்துக்கு வந்தார். நான் உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, “சம்பந்தியம்மா” என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது. வந்து பார்த்தேன். ஆளைக் காணோம். மறுபடி “சம்பந்தியம்மா, இங்க” என்றது குரல். கூட்டுக்குள்ளிருந்து.

உள்ளே நின்றபடியே பலகைகளை அடித்துக்கொண்டு வந்தவர், கடைசிப் பலகையையும் அடித்துத் தன்னை உள்ளே வைத்து மூடிவிட்டார். நாங்கள் தூக்கி வந்த கதவு இன்னும் மாட்டாமல் வெளியே சுவரில் சாய்ந்து நின்றது; கோழி நுழைய விட்டிருந்த சின்ன வாசலைத் தவிர வெளியே வர வழியில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் அவருடைய கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன்.

“இன்னா சிரிக்கிறீங்க? அண்டர்கிரவுண்டுல நாங்க உள்ள நின்னுதான் கட்டுவோம். வந்த வழி பின்னாடி தொறந்தே இருக்கும். கட்டி முடிச்சிட்டுத் திரும்பி நடந்தா வெளிய வந்துடலாம். அந்த நெனப்புல அடிச்சிட்டேன். இங்க பின்னாடி செவுரு.”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, வெகுநேரம் இருமினார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ஆணிகளைப் பிடுங்கக் குறட்டைத் தேடினேன். அதுவும் அவரோடு உள்ளேயே இருந்தது. “இருங்க, மூச்சு வாங்குது. செத்த நேரம் ஒக்காந்துட்டு நானே புடுங்குறேன்” என்றார். அன்று அவர் நடக்கப் போகவில்லை, கையில் எதுவும் கொண்டுவரவில்லை, அதனால் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் இட்லி வைத்து, சட்னி ஊற்றி, கோழி வாசல் வழியாக உள்ளே தள்ளினேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“இது கோழி வீடுதான? மக வீடு இல்லியே?” என்றார்.

“கோழி வீடுதான், சாப்பிடுங்க” என்றேன்.

சாப்பிட்டார். தட்டு காலியாகி அதே வாசல் வழியாகத் திரும்பி வந்தது. இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். வையுங்க என்றார். அன்றைக்குப் பிறகு கையில் எதுவும் இல்லாத நாட்களில் அந்தப் பாதி முடிந்த கூட்டின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ரோஸ்லினுக்கு அதைப் பார்க்க ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் வேதனையுமாக இருக்கும். வீட்டுக்குள் நாற்காலி இருக்க, சொந்த அப்பா வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

நான் ஒரு டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வேலை இன்ஸ்பெக்‌ஷன். வரிசையாக வருகிற சாமான்களில் குறை கண்டுபிடித்து ஒதுக்குவது. அந்தத் திறமையைக் கூட்டில் காட்டுவதென்று முடிவு செய்தேன். முதலில் நான் சொன்ன குறைகள் எல்லாம் நிஜமானவை. ஜன்னலுக்கு அவர் போட்டது லேசான கோழிவலை. கோழி வெளியே போகாமல் அது தடுக்கும், நாய் உள்ளே வருவதைத் தடுக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் தெரு நாய் அதைக் காகிதம் மாதிரிக் கிழித்துவிட்டது. ஒரு பெட்டைக்கு வால் இறகெல்லாம் போயிற்று. நல்லவேளை, அவர் பக்கத்திலேயே இருந்தார். பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டுகளைப் போட்டு அதைச் சரிசெய்தோம். இரவில் கோழி அடைய அவர் கொடுத்த இரும்புக் குழாயில் ஒரு கோழியும் ஏறவில்லை. வழுக்குகிறது போலிருக்கிறது என்று மரக்கிளை வைத்தோம். மழை பெய்ததும் உள்ளே தண்ணீர் நின்றது. தரையைச் செங்கல் துண்டு போட்டு உயர்த்தினோம். முட்டையிடும் பெட்டிக்குக் குமரன் தன் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கொண்டுவந்தான். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு வைக்கோல் போட்டதும், வாலில்லாத பெட்டை போய் உட்கார்ந்துகொண்டது. “எம் பேத்தி பொறந்தாகூட இவ்ளோ சீக்கிரம் கம்ப்யூட்டர்ல ஒக்கார மாட்டா” என்றார் சவரிமுத்து.

நிஜமான குறைகள் தீர்ந்துபோயின. அதன்பிறகு நான் சொன்னதெல்லாம் பொய். கதவு கிறீச்சென்கிறது என்றேன். ஓடு வரிசை கோணல் என்றேன். வாசல் தப்பான திசையில் இருக்கிறது, வாஸ்து சரியில்லை என்றுகூடச் சொன்னேன். கிறிஸ்தவர் கட்டிய கூட்டில் லூர்தம்மா வளர்த்த கோழிக்கு வாஸ்து பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் எதையும் மறுத்துப் பேசமாட்டார். “அப்படியா? சரி, மாத்திடுவோம்” என்பார். ஆள் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாரே என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் விடிந்ததும் பால் பாக்கெட் எடுக்க எழுந்தேன். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சவரிமுத்து கூட்டின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் குறடு. முந்தின நாள் சாயங்காலம் என் கண்ணெதிரே அடித்த பலகையிலிருந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, நிமிர்த்தி, டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பலகையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் இன்ஸ்பெக்‌ஷன், எனக்குத் தெரியாதா?

நான் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். குறடு அப்படியே நின்றது.

“கோணலா இருந்துச்சு” என்றார்.

எத்தனை நாளாக இப்படி நடக்கிறதோ. நான் அவரை இருக்கவைப்பதற்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரோ இருப்பதற்காகவே ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். இருந்துகொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல மட்டும் அவரால் முடியவில்லை.

“ஆமாம், நானும் நேத்தே பார்த்தேன். கோணல்தான்” என்று சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இதைப் பற்றி அவரும் நானும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ரோஸ்லினுக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

அவளுக்குத் தெரியாததால்தான் அவள் பயந்துகொண்டே இருந்தாள். வேலையிலிருந்து வந்ததும் முதலில் பின்பக்கம் போய்க் கூடு எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்ப்பாள். முகம் வாடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து எல்லாரும் இருக்கும்போது, அவள் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போல ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் கிளம்பினார். ரோஸ்லின் அந்த ஸ்டூலைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“நான் ஆம்பளப் புள்ளையா பொறந்திருந்தா இப்படித்தான் வெளிய ஒக்காந்து சாப்புடுவீங்களா?”

“இன்னாம்மா இது, பழக்கம்...”

“யார் பழக்கம்? இந்த வீட்டுல பாதி என் சம்பளம்ப்பா. அத்தை இருக்கிறாங்க, அவங்கள யாராவது எப்ப போறீங்கன்னு கேக்கிறோமா? என்னைய மட்டும் ஏன் பெத்த கடனுக்குக் கட்டிக்குடுத்து கைகழுவிட்ட மாதிரி வெச்சிருக்கீங்க? அம்மாவ அங்க பொதைச்சேன். உங்களுக்கு ஒண்ணு ஆனா அத ஃபோன்ல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குமரன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சவரிமுத்து நின்றபடியே கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவே இல்லை. எனக்கும் இறங்கவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ஓசூரில். பெயர் வத்சலா. அன்று முழுக்க அவள் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை அவர் நடக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை. அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்த் தங்கவயல் டிரெயினில் ஏறிவிட்டாரோ என்று நான் கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ரோஸ்லின் வேலைக்குக் கிளம்பாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. கையில் பலகை இல்லை, ஓடு இல்லை, கீரைக்கட்டு இல்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்தார். ஹாலில் குமரனின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரோஸு, பசிக்குது. இன்னா இருக்குது?” என்றார்.

அவள் உள்ளே ஓடினாள். அன்று உப்புமா. அவசரத்தில் உப்புப் போட மறந்திருந்தாள். அவர் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

கூடு அந்த வாரமே முடிந்தது. நான் ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசி ஆணியை என்னை அடிக்கச் சொன்னார். வளைத்துவிட்டேன். “விடுங்க, கோழி கேக்கப் போறதில்ல” என்றார்.

அதன்பிறகு அவர் இரண்டு மழைக்காலம் எங்களோடு இருந்தார். லைன் வீட்டுச் சாவியைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டார். லூர்தம்மாவின் கோழிகள் அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரித்தன. குஞ்சுகளில் பாதி எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் போயின. சாயங்காலம் கோழிகள் அடைகிற நேரத்தில் நாங்கள் இருவரும் துவைக்கிற கல்லிலும் ஸ்டூலிலுமாக உட்கார்ந்திருப்போம். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். அவருக்கு மூச்சு இருக்கிற நாளில் மைன்ஸ் கதை சொல்வார். இல்லாத நாளில் நான் தொழிற்சாலைக் கதை சொல்வேன். மனைவியை இழந்தவரும் கணவனை இழந்தவளும் அப்படி உட்கார்ந்திருப்பதை மாடியிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, அது நல்ல நட்பு. இந்த வயதில் எனக்கு அப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குச் சில நாள் முன்னால், நான் ஓசூர் போய்விட்டு இரண்டாம் நாளே திரும்பி வந்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்றார்.

“மாப்பிள்ளை வீடு. எத்தனை நாள் இருக்க முடியும்?” என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாக மூச்சு வாங்கிச் சொன்னார். “உங்க மக எவ்ளோ நாளா ஸ்டூல புடுங்க காத்துனு இருக்குதோ, சம்பந்தியம்மா.”

டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அதன்பிறகு அவரோடு தனியாகப் பேசச் சந்தர்ப்பம் வரவில்லை.

அவருடைய சுத்தியலையும் குறட்டையும் குமரன் எடுத்து வைத்திருக்கிறான். ஜெபமாலை ரோஸ்லினிடம் இருக்கிறது. கோழிகளை இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது அவர் வாசலில் உட்கார்ந்து சொன்ன அந்த ஒரு வார்த்தையை. இதை எழுதி முடிப்பதற்கு முன்னால், நேற்று, வத்சலாவைக் கூப்பிட்டேன். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

“எப்பவும் போல ரெண்டு நாள்தானேம்மா?” என்றாள்.

“இல்லடி. கொஞ்ச நாள் உன்கூட இருக்கலாம்னு பார்க்கிறேன். எப்ப திரும்புவேன்னு தெரியல” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன். பிறகுதான் தெரிந்தது, அவள் அழுகிறாள்.